மெனேஜர் வீட்டு ட்ரிப் சுவிட்ச்

சாய்ந்தமருது மக்கீன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவர். பதினாறு வயதில் கையில் ஒரு குறடும் ஸ்க்ரூ டிரைவரும்தான். அறுபத்திரண்டில், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நானூறு வீட்டுக்கு வயர் இழுத்தவர் என்ற பேர். எழுத்துப் பரீட்சையில் இரண்டு தரம் கோட்டைவிட்டு மூன்றாம் தரம் வயரிங் லைசன்ஸ் எடுத்தார். அவர் வேலை செய்த வீட்டில் இன்றுவரை ஒரு கோழிக்குக்கூடக் கறண்ட் அடித்ததில்லை. மூன்று மகள்மாருக்கும் சொந்த உழைப்பில் வீடு கட்டிக் கொடுத்தார். கடைக்குட்டி மகன் பஹ்மிக்குப் பெண் பேசியபோது, சீதனம் என்று ஒரு செங்கல்லும் கேட்கவில்லை. கேட்காததை ஊருக்கெல்லாம் சொன்னார். சொல்லாமல் இருக்க அவர் என்ன ஊமையா?

கேட்காவிட்டாலும் பெண் வீட்டார் வீடு கொடுக்கத்தான் செய்வார்கள். இந்தக் கிழக்குக் கரையில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிபோவான். பெண் பஸ்மிலாவின் வாப்பா ஜவுபர், வங்கி மெனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மனிதர் ஒரு பேப்பரை விரித்துக்கொண்டு இருக்கலாம். இவர் போனில் வீடியோ பார்த்தார். நாற்பது வீடியோ பார்த்து முடித்து, மகளின் புது வீட்டுக்குத் தானே வயரிங் செய்தார். செய்ததும் போதாதென்று வருவோர் போவோருக்கெல்லாம் சுவரைத் தட்டிக் காட்டினார்.

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்க, மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்கப் போனார்கள். ஓட்டோவில் மக்கீனின் மனைவி ஸம்ஸியா ஓதிக்கொண்டே வந்தாள்.

"இஞ்ச பாருங்க, அங்க வாயத் திறக்கப்படா. சுவர் வெடிச்சிக் கிடந்தாலும் மாஷா அல்லாஹ்தான். நீங்க ஒரு குறை சொன்னா, மாப்பிள்ளை வீட்டார் இன்னும் கேக்காங்க எண்டு ஊர் கதைக்கும்."

"நான் என்னத்துக்குக் கதைக்கப் போறன்?"

போய்ப் பார்த்தால் சுவிட்சுகள் ஒவ்வொன்றும் தூக்கக் கலக்கத்தில் பூட்டியது போல் கோணிக்கொண்டு நின்றன. "மாஷா அல்லாஹ்" என்றார் மக்கீன். சமையலறையில் மூடி பூட்டாத பிளக் ஒன்றுக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தில் போடும் இடத்துக்கு, லைட்டுக்கு இழுக்கும் மெல்லிய வயர். சூடேறி உருகும் வயர். அதற்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாஷா அல்லாஹ். ஏழாவதைச் சொல்லி முடிக்க அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது.

தொழுமுன் முகம் கைகால் கழுவி ஒழு எடுக்கப் பின்பக்கக் குழாயடிக்குப் போனார். தண்ணீர் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பழக்கமில்லாத வீட்டில் இரும்பைத் தொடுமுன் கறண்ட் இருக்கிறதா என்று டெஸ்டரால் தொட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். மற்றவர்கள் பேனை செருகும் பையில் அவருக்கு டெஸ்டர். இரும்புக் குழாயில் வைத்தார். டெஸ்டர் சிவப்பாகச் சிரித்தது.

நேரே மெயின் போர்டுக்குப் போனார். கறண்ட் கசிந்தால் கண் மூடித் திறக்குமுன் தானே விழுந்து ஆளைக் காப்பாற்றுவது ட்ரிப் சுவிட்ச். ஜவுபர் அதன் மேலுக்கும் கீழுக்கும் ஒரு துண்டு வயரைப் பாலமாகப் போட்டு, விழுந்தாலும் கறண்ட் ஓடும்படி செய்து வைத்திருந்தார்.

கதைத்தால் கலியாணம் குழம்பும். கதைக்காவிட்டால் கலியாணம் முடிந்து வருகிற வெள்ளிக்கிழமை பஹ்மி வெறுங்காலோடு அந்தக் குழாயடி ஈரச் சீமெந்தில் நிற்பான்.

"மெனேஜர், இந்த ட்ரிப் சுவிட்சுக்கு என்ன செஞ்சீங்க?"

"ஓ, அதுவா? மோட்டரப் போட்டா ஒவ்வொரு தரமும் விழுந்திச்சு சம்மந்தி. பெரிய கரைச்சல். வீடியோவுல பார்த்து ஒரு வயர் குடுத்தன். இப்ப கல்லு மாதிரி நிக்குது."

"மோட்டர் கசியிறதாலதான் அது விழுந்திரிக்கி. இப்ப பைப்பெல்லாம் கறண்ட்."

ஜவுபர் சிரித்தார். "அஞ்சாம் வகுப்புக் கணக்குக்கு இதெல்லாம் விளங்காது. ஊட்டுல குறை எண்டா நேராச் சொல்லுங்க சம்மந்தி. இன்னொரு அறை வேணுமா?"

ஸம்ஸியா முக்காட்டைக் கண்வரை இழுத்துக்கொண்டாள். பயந்தது நடந்துவிட்டது.

மக்கீன் அசையவில்லை. "ஓம், நான் அஞ்சாம் வகுப்புத்தான். நீங்க படிச்ச ஆள். வாங்க, செருப்பக் கழட்டிட்டு நீங்களே முதல்ல ஒழு எடுங்க."

ஜவுபர் படிவரை வீறாப்பாக வந்தார். மக்கீன் குழாயில் மறுபடி டெஸ்டரை வைத்தார். செருப்பிலிருந்து வெளியே வந்த ஒரு கால் பேசாமல் உள்ளே போனது.

"காலையில இஞ்ச எப்படி ஒழு எடுத்தீங்க?"

"செருப்போடதான். கொஞ்சம் விறுவிறுக்கும். புது ஊடுதானே, பழகிடும் எண்டு நினைச்சன்."

கதவுக்குப் பின்னால் நின்ற பஸ்மிலா அதற்குமேல் பொறுக்கவில்லை. நேரே வந்து மெயின் சுவிட்சை இழுத்து விட்டாள். ஃபேன் முனகி நின்றது.

"வாப்பா, இந்த ஊட்டுல இரிக்கப் போறது நான். மாமா சொல்றாப்போல செய்ங்க."

அடுத்த நாள் காலையில் மக்கீன் ஏணியோடு வந்தார். மாப்பிள்ளையின் வாப்பா சீதன வீட்டில் கூலிக்காரன் போல் சுவர் ஏறுவதை ஊர் முன்பின் பார்த்ததில்லை. தேநீர்க் கடையில் ஒரு கிழமைக்குப் போதுமான கதை. கதைக்கட்டும், கதைப்பவன் வீட்டுக்கும் அவர்தான் வயர் இழுத்தவர். மெயினை அணைத்து, அணைந்ததா என்று டெஸ்டரால் பார்த்து, பழைய வயரையெல்லாம் உருவி எறிந்தார். கத்தரிச் செடிக்கு முட்டுக் கொடுத்ததுபோல் காய்ந்த மணலில் ஓரடிக்கு நட்டிருந்த, கசியும் கறண்டை மண்ணுக்குள் இறக்க வேண்டிய எர்த் கம்பியைப் பிடுங்கினார். நீளக் கம்பி ஒன்றை ஈர மணலுக்குள் போகும்வரை அடித்து இறக்கினார். மோட்டரைக் கழற்றித் திருத்தக் கொடுத்தார். வேலை நடந்த நாலு நாளும் ஏணி பிடித்தவர் மெனேஜர்.

கடைசி நாள் புது ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மக்கீன் அமத்தினார். வீடு முழுக்கக் கறண்ட் நின்றது.

"பாத்தீங்களா! நீங்க பூட்டியும் விழுந்திட்டு!" என்றார் ஜவுபர், முகமெல்லாம் பல்லாக.

"விழத்தான் வேணும் மெனேஜர். மாசத்துக்கு ஒருக்கா அமத்திப் பாருங்க. விழல்லையெண்டா என்னக் கூப்பிடுங்க. வீடியோவக் கூப்பிடாதீங்க."

ஜவுபர் தானே இரண்டு தரம் அமத்திப் பார்த்தார். இரண்டு தரமும் விழுந்தது. வெள்ளிக்கிழமை பஹ்மி அந்த வீட்டுக்குக் குடிபோனான்.