நாலாம் படி

"...நாலாம் படிதான் தெரியுதில்ல, அப்புறம் இன்னாத்துக்கு கொளத்தாண்ட போறீங்கோ? குடத்தக் கீய வைங்கம்மா" என்றார் குளத்துக்காரர். கூடத்தில் இறந்துபோன அவர் மனைவியைக் கிடத்தியிருந்தது. குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கக் கிளம்பிய பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு கோடை அது. காலடிப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு நல்ல தண்ணீர் என்றால் அவர் வீட்டுக் குளம்தான். சொந்தக் குளம், ஆனாலும் கதவைச் சாத்தியதில்லை. வீட்டுக்கு இரண்டு குடம். சோப்புப் போடக் கூடாது. தண்ணீர் இறங்கிக் குளத்தின் நாலாம் படி வெளியே தெரிந்துவிட்டால் மழை வரும்வரை எவருக்கும் கிடையாது. கடல் கூப்பிடு தூரம். மேலே நல்ல தண்ணீர் குறைந்தால் கீழே இருக்கும் உப்பு ஏறிவிடும் என்பார். பொய்யில்லை. பக்கத்துத் தோட்டக் குளத்தில் இஞ்சின் வைத்துக் கம்பெனி லாரிக்கு இறைத்தார்கள். ஒரே கோடைதான். அப்புறம் அந்தத் தண்ணீரை மாடுகூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பும்.

எல்லாம் தெரிந்தும், இருபது நாள் முன்னால் என் அம்மா இறந்துபோனபோது குடத்தோடு அவர் வாசலில் நின்றேன்.

"நாலாம் படி தெரியுது நைனா. ஒனக்குக் குட்த்தா நாளைக்கு ஊருக்கே குடுக்கணும்."

"நீ கடலுக்கே பூட்டுப் போடுவய்யா! ஒன் வூட்லயும் ஒரு நாளு சாவு வரும்!" என்று கத்திவிட்டு, தெருமுனைக் குழாய்க்குப் போனேன். நூலாக ஒழுகும் குழாய். அம்மாவைக் காக்க வைத்துவிட்டு உச்சி வெயிலில் நின்றேன்.

நான் கத்திய வார்த்தை இவ்வளவு சீக்கிரம் பலிக்கும் என்று கண்டேனா?

"இன்னா அண்ணாத்தே, பொண்டாட்டிக்குக்கூடவா?" என்று எதிர்வீட்டு அக்கா அழுதாள். "தனக்கு மிஞ்சித்தான் தானம்பாங்கோ. அந்தக் கொளத்துப் பாசிய இத்தினி வருசமா வழிச்சது அவதானே! ஒரு குடத்துலயா கடலு பூந்துடும்?"

"எட்த்துக்கோ மாமு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒங்கம்மாவுக்கு இல்லாதது இவளுக்கு மட்டும் இன்னா?" என்றார்.

அந்த அக்காவின் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருமுனைக்கு நடந்தார். குழாயடியில் விஷயம் தெரிந்து எல்லாரும் விலகி வழி விட்டார்கள். அவர் முன்னால் போகவில்லை. வரிசையின் கடைசிக் குடத்துக்குப் பின்னால் தன் குடத்தை வைத்துவிட்டு, பக்கத்தில் குந்திக்கொண்டார்.