பழனியக்காள் கடையில் ஓர் ஓவர்லாக்

துணியின் நடுப்பகுதியை எவரும் தைத்துவிடலாம். மானம் போவதும் பிழைப்பதும் ஓரத்தில்தான். ஓரம் அடித்துப் பிழைக்கிற என் இனத்தாருக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நீங்களும் தைத்ததைப் பிரித்திருப்பீர்கள், பிரித்ததை மடியில் வைத்துக்கொண்டு முழித்திருப்பீர்கள். என் கதையையும் கேட்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

கை மட்டும் தைப்பவள்

கல்யாணமாகி, சாத்தான்குளம் பக்கத்திலிருந்து திருப்பூர் வந்தவள் நான். பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருந்தேன். டெய்லர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கம்பெனியில் ஒருத்தி தோள் சேர்ப்பாள், ஒருத்தி பக்கம் மூட்டுவாள், நான் கை வைப்பேன். வருஷக்கணக்கில் டி-ஷர்ட்டுக்குக் கை வைத்ததைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியாது. முழுச் சட்டை எப்படி இருக்கும் என்பதைக் கடைத்தெருவில் யாராவது போட்டுக்கொண்டு போனால்தான் பார்ப்பேன். ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனால் மகள் செல்வி தூங்கியிருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசையாகச் சோறு பிசைந்து ஊட்டப் போனேன். பக்கத்து வீட்டு அக்கா ஊட்டினால்தான் சாப்பிடுவேன் என்று வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்கு உட்கார்ந்து அழுதேன். அடுத்த வாரம் வேலையை விட்டேன்.

கம்பெனியில் கழித்துப் போட்ட பழைய ஓவர்லாக் மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு பழனியக்காள் கடைக்குப் போனேன். ஒரே ஒரு மிதி மெஷினை வைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்கே ஜாக்கெட் தைத்தவள் அக்காள். துணியின் ஓரத்தை மடித்து அடிப்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே வழி. என் மெஷினோ ஒரே ஓட்டத்தில் ஓரத்தை வெட்டும், வெட்டிய இடத்தில் நூலைச் சுற்றிப் பின்னியும் விடும். தைக்கிற மெஷினுக்குள் கத்தி எதற்கு என்பதுதான் அக்காளுக்குப் பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள்: "இடம் தர்றேன் கண்ணு. ஆனா ஒரு துணி கெட்டாலும் மெஷின் வெளிய போயிரோணும். கை மட்டும் தைக்கறவளாமா, அப்ப ஒடம்ப ஆரு தைக்கறது?"

ரெண்டு பேருக்கு ஒரு லுங்கி

காதர் பாய் கம்பெனிகளில் வெட்டி விழும் துண்டுத் துணியை, அதாவது கட்டிங் வேஸ்ட்டை, மூட்டை மூட்டையாக வாங்கி விற்பவர். பெருநாளுக்குத் தனக்கொன்றும் மச்சானுக்கொன்றுமாகப் புது லுங்கி எடுத்து, மூட்டித் தரச்சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். லுங்கி மூட்டுவது வேலையே இல்லை. ஒரு முனையையும் மறு முனையையும் சேர்த்து ஒரு ஓட்டு ஓட்டினால் முடிந்தது. ஆனால் என் கைக்குக் கம்பெனிப் பழக்கம். இடது பக்கத்திலிருந்து ஒரு பீஸ், வலது பக்கத்திலிருந்து ஒரு பீஸ், சேர், தள்ளு, அடுத்தது எடு. இவர் லுங்கியின் முனையை மச்சான் லுங்கியின் முனையோடு சேர்த்தேன். மிச்சமிருந்த இரண்டு முனைகளையும் அதே வேகத்தில் சேர்த்துவிட்டேன்.

அக்காள் அதை விரித்துப் பார்த்துவிட்டு வாசலைக் காட்டினாள். "அக்கா, பிரிச்சா சரியாயிரும்லா, இது கெட்டுப்போன துணி இல்லக்கா" என்று கெஞ்சினேன். சரியான நூலைப் பிடித்து இழுத்தால் ஓவர்லாக் சரசரவென்று பிரிந்துவிடும். அது மட்டும்தான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. நான் நூலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பாய் வந்துவிட்டார். விரித்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வருத்தமாகச் சொன்னார்: "ஏம்மா, இத நானும் மச்சானும் சேந்துதான் கட்டோணும். எங்களுக்குள்ள பேச்சே கெடையாதும்மா, ஊட்டுக்காரி சொன்னாளேன்னு வாங்குனேன்."

உள்ளே விட்ட துணி

இனி வருவதுதான் பெரிய அடி. குன்னத்தூரிலிருந்து சரோஜா என்று ஒருவர் அக்காளிடம் ஜாக்கெட் தைக்க வருவார். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவை, அதிலேயே வந்த அரக்கு நிற ஜாக்கெட் துணி. அக்காள் உயிரைக் கொடுத்துத் தைத்து, பட்டு நூல் நூலாகப் பிரிகிறதே என்று ஓரம் அடிக்க என்னிடம் தந்தாள். பக்கத் தையலுக்கு வெளியே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி நீட்டிக்கொண்டிருந்தது. கம்பெனியில் இப்படி ஒரு பீஸ் போனால் செக்கிங்கில் முகத்திலேயே வீசுவார்கள். நான் தையலை ஒட்டி மெஷினை விட்டேன். கத்தி அத்தனையையும் வழித்துத் தள்ளிவிட்டது. உள்பக்கம் கண்ணில் ஒற்றிக்கொள்வது போல இருந்தது. அக்காள்கூட "பரவால்லையே" என்றாள், மேலாகப் பார்த்துவிட்டு.

கல்யாணம் நெருங்கியபோது சரோஜா ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். உடம்பை இறுக்கிப் பிடிக்கிறதாம், பக்கத்தைப் பிரித்து விடவேண்டுமாம். அக்காள் உள்பக்கத்தைத் திருப்பினாள். பிரித்து விட அங்கே ஒன்றுமில்லை. பெண்கள் பெருப்பார்கள், அதற்காகத்தான் ஜாக்கெட்டுக்குள் துணி விட்டுத் தைக்கிறார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கை மட்டும் தைத்த எனக்குத் தெரியாது. அக்காள் என்னைத் திட்டக்கூட இல்லை. "சனிக்கிழம டெம்போ சொல்லி எடுத்துட்டுப் போயிரு கண்ணு" என்று மெதுவாகச் சொன்னாள். மெஷின் போனால் மறுபடி கம்பெனி, மறுபடி ஒன்றரை ஷிப்ட், மறுபடி பக்கத்து வீட்டு அக்கா கையால் சோறு. பள்ளிக்கூடம் விட்டு வந்து என் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த செல்வியைக் குனிந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை. சரோஜாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அவருக்கு அவர் கவலை: "ஏனுங்கக்கா, நான் பெருக்கறது எனக்கே தெரிஞ்சுதான உள்ள துணி உடச் சொன்னேன்! அத வெட்டிக் குப்பைல போட்டுட்டா, நான் ஒடம்ப எங்கீங்க கொண்டி வெக்கறது?"

இரண்டாம் பந்தி

போகிற போக்கில் இந்தப் பாவத்தையாவது கழுவிவிட்டுப் போவோம் என்று காதர் பாய் குடோனுக்கு ஓடினேன். உலகத்தில் எந்த நிறம் கேட்டாலும் திருப்பூர் வேஸ்ட் மூட்டையில் கிடைக்கும். பனியன் கழுத்துப்பட்டிக்குப் போடுகிற, இழுத்தால் நீளும் துணியில் அதே அரக்கு நிறம் அகப்பட்டது. ஜாக்கெட்டின் இரண்டு பக்கத்தையும் பிரித்து, அக்குளிலிருந்து இடுப்பு வரை அதில் ஒரு பட்டை வைத்துக் கொடுத்தால் என்ன? முதலில் அக்காள் தன் மெஷினில் அதைத் தைத்துப் பார்த்தாள். துணி நீண்டது, சாதாரணத் தையல் நீளுமா? இழுத்த இழுப்பில் நூல் படபடவென்று அறுந்தது. "இங்க குடுங்கக்கா" என்று வாங்கி ஓவர்லாக்கில் ஓட்டினேன். இந்தத் தடவை கத்தி துணியைத் தொடாதபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். இழுத்தேன். துணியோடு தையலும் நீண்டது, விட்டதும் சுருங்கியது. அக்காள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். டெம்போ வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. எனக்கும் ரோஷம், நானும் கேட்கவில்லை.

கல்யாணம் முடிந்த மறுநாள் சரோஜா வந்தார், கூடவே அவர் நாத்தனாரும் இரண்டு சம்பந்திமாரும். ஆளுக்கொரு ஜாக்கெட் துணி கையில். எல்லோருக்கும் பக்கத்தில் அந்தப் பட்டை வேண்டுமாம். அக்காள் ஒவ்வொரு துணியாக வாங்கி மடித்து வைத்தாள், டெம்போப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டார்: "ரெண்டாவது பந்திலயும் உக்காந்து சாப்ட்டனுங்க, ஒரு தையல் பிரியலீங்க. இத்தன வருசம் பாதி வயித்துக்கே சாப்ட்டுட்டு இருந்துருக்கறேன், பாருங்க!"

டெம்போ வந்த நாள்

சனிக்கிழமை வந்துவிட்டது. செல்வியைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனால், நான் சொல்லி வைத்த டெம்போ வாசலில் நிற்கிறது. டிரைவர் கயிற்றோடு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். உள்ளே என் ஓவர்லாக்கில் பழனியக்காள் உட்கார்ந்திருந்தாள். நான் வருவதற்குள் யாருக்கும் தெரியாமல் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு பாவாடை ஓரத்தை உள்ளே விட்டிருக்கிறாள். மிதி மெஷின் நாம் மிதிக்கிற அளவுக்குத்தான் ஓடும். மோட்டார் மெஷின் காலை வைத்ததும் பிய்த்துக்கொண்டு பறக்கும். பாவாடை போன வேகத்தில் அக்காளின் முந்தானையும் கூடவே போய், ஓரம் வெட்டப்பட்டு, பாவாடையோடு சேர்ந்து அழகாகத் தைபட்டுக் கிடந்தது. எழுந்தால் புடவை வரும், இழுத்தால் கத்தி இருக்கிறது. அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவள் சொன்ன சட்டப்படியே ஒரு துணி கெட்டிருக்கிறது, மெஷின் போக வேண்டியதுதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "தூக்கிரலாமுங்களா?" என்று டிரைவர் கேட்டான். அக்காள் என்னைப் பார்த்தாள், முந்தானையைப் பார்த்தாள், பிறகு ஒன்றுமே நடக்காதது போல நிமிர்ந்து உட்கார்ந்து டிரைவரிடம் சொன்னாள்: "இப்ப மெஷினத் தூக்குனா நானும் கூடவே வரோணும் கண்ணு. நீ போயிட்டு வா."

அதற்குப் பிறகு என் செல்வி தினமும் என் கையால் சாப்பிட்டாள் என்றால், அதற்குக் காரணம் என் தொழில்திறமை இல்லை, பழனியக்காள் இழுத்துச் செருக மறந்த ஒரு முந்தானைதான்.