காலி நாற்காலிகள் மேல் வந்த பிரியம்

எந்த மேடையிலும் மைக்செட்காரர் குரல்தான் முதலில் ஏறும். ஆனால் ‘ஹலோ, செக்’ என்பதைத் தாண்டி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. வீட்டிலும் ஏறக்குறைய அதே கதைதான். அப்பா வாய்க்கு இன்னும் கரண்ட் வரவில்லை என்று மனைவி பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அவரைத் தியானத்துக்கு இழுத்துப்போனவன் அவளுடைய தம்பி. மச்சினனுக்குக் கண்ணை மூடினாலே வெளிச்சம், நாதம் என்று என்னென்னவோ வரும். இவருக்குக் கால் மரத்துப்போகும், அவ்வளவுதான்.

இவருக்கும் வந்தது ஒருநாள், வேலைக்கு நடுவில். ஒரு மண்டபத்தில் ஒயர் இழுத்து, ஆம்ப்ளிஃபயரை ஓடவிட்டு, ஆட்கள் வருவதற்கு முன் சற்றுக் கண்ணை மூடினார். பேச ஆளில்லாத ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல். ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று யாரோ சொல்வதுபோல் பட்டது. கண்ணைத் திறந்தால் வரிசையாகக் காலி நாற்காலிகள். அவற்றில் இனி வந்து உட்காரப்போகும், முகம்கூடத் தெரியாத அத்தனை பேர் மேலும் நெஞ்சை அடைத்துக்கொண்டு பிரியம் பொங்கியது. கையில் ஒயரோடு நின்றபடியே அழுதார்.

திக்கித் திணறி மச்சினனிடம் சொன்னார். அவன் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினான்.

“மாமா, இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அக்காகிட்டகூட. சொன்னா கரைஞ்சிடும்.”

இவரும் வாயைக் கட்டிக்கொண்டார். மனைவியிடம் சொல்ல எத்தனையோ தரம் நாக்கு நுனிவரை வந்தது. என்றைக்காவது அவளிடம் மட்டும் சொல்லிவிட வேண்டும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தார்.

பிறகு அதே மண்டபத்தில் ஒரு கூட்டம். ஜெபத்திலும் தியானத்திலும் அன்பைக் கண்ட கதையைப் பல மதத்தவரும் சொல்லும் கூட்டம், மைக்செட் இவருடையது. ஜெபத்தில் வார்த்தையெல்லாம் தீர்ந்த பிறகுதான் தன்னை ஒருவர் இத்தனை காலமும் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது என்றார் ஒரு கன்னியாஸ்திரி. அடுத்து, அல்லாவின் பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லித் திக்ரு ஓதும் பெரியவர். “நான்தான் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுறேன்னு நெனச்சேன். பாத்தா, அவன்தான் என்னைக் கூப்பிட்டுக்கிட்டிருந்தான்” என்றார். மைக்செட்காரருக்குத் தலை தானாக ஆடியது. அட, இது நமக்கும் தெரியுமே என்று உள்ளுக்குள் ஒரு பெருமிதம்.

மூன்றாவதாக மச்சினன் எழுந்தான். ஒரு மண்டபத்துக்குச் சீக்கிரமே போய்விட்டானாம். ஸ்பீக்கரில் லேசான இரைச்சலாம். காலி நாற்காலிகளாம்.

பின்னால் கேட்கவில்லை என்று யாரோ குரல் கொடுத்தார்கள். இவர் வால்யூம் குமிழைப் பிடித்தார். ஒரு திருகில் அவன் குரலையே அடக்கிவிடலாம். பழகிய கை, கூட்டித்தான் வைத்தது. முன்வரிசையில், தம்பி பேச்சைக் கேட்க வந்திருந்த மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒயரைச் சுருட்டும்போது மச்சினன் பக்கத்தில் வந்து நெளிந்தான்.

“நல்ல விஷயம் நாலு பேருக்குப் போய்ச் சேரணும்ல மாமா. நீங்க என்ன, மேடையேறிச் சொல்லப் போறீங்களா?” என்றவன், போகிறபோக்கில் கேட்டான்: “நான் பேசினது ரெக்கார்டு ஆச்சுல்ல?”

“இல்ல மாப்ள. எனக்குத் தெரிஞ்ச கதைதானேன்னு விட்டுட்டேன்.”

மற்ற இருவரின் பேச்சும் பதிவாகியிருந்தது.

ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றிவிட்டு வண்டியில் உட்கார்ந்ததும் மனைவி தம்பி புராணத்தை ஆரம்பித்தாள். அவனுக்குள் இப்படி ஒரு மனசு இருந்தது அவளுக்கே தெரியாதாம். பிறகு இவர் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, நீங்க இந்த மாதிரி ஹாலே கதின்னு கெடக்கீங்க. உங்களுக்கு ஒரு நாளாவது அப்படி ஏதாவது தோணியிருக்கா?”

அவர் வாயைத் திறந்தார். இனிமேல் எதைச் சொன்னாலும் மச்சினனைப் பார்த்துக் காப்பியடித்ததாகத்தான் ஆகும்.

“நமக்கெங்க” என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார்.