அங்கம்மா அண்ணியின் செவப்புக்கல் கம்மல்

எங்க அண்ணன் கலியனை நான் திட்டாத திட்டு இல்ல. பாதிக்கு மேல தப்பாத் திட்டுனதுன்னு அப்பாலதான் தெரிஞ்சுது. அதுக்காக அவன் மேல எனக்குக் கோவம் தீந்துடுச்சுன்னு நெனைக்காதீங்க. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தான்னா, எங்க அண்ணி அங்கம்மா காதுல வேப்பங்குச்சியோட போயிருக்காது.

நாங்க ஐயம்பேட்டைக்காரங்க, பயிர் வெக்கிற குடும்பம். அண்ணன் மட்டும் சின்ன வயசுலயே காஞ்சிபுரம் போயி, பிள்ளையார்பாளையத்துல பட்டு வேகவெக்கிற வேலையில நின்னுட்டான். வேகவெக்காத பச்சைப் பட்டைப் பாத்திருக்கீங்களா? வெறைப்பா, மங்கலா, கையில புடிச்சா நாராட்டம் இருக்கும். அண்டாத் தண்ணியில சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வெச்சு, நூலைக் கோல்ல மாட்டித் திருப்பித் திருப்பி எடுத்தா, பசையெல்லாம் கழண்டு பளபளன்னு வரும். அண்ணன் கைக்கு அந்தத் தெருவுல தனிப் பேரு. எதைக் குடுத்தாலும் கலியன் மின்ன வெச்சுடுவான்னு சொல்லுவாங்க. அந்தப் பேருதான் அவனைக் கெடுத்துது.

அவன் மவ ஏலவார்குழலி பொறந்த வருஷம், அறுபத்தொண்ணுன்னு நெனைக்கிறேன், அண்ணிக்குக் கம்மல் வாங்கப் போனாங்க. நானும் தொத்திக்கினேன். பரசுராம ஆசாரி பட்டறை. மெட்ராஸ்காரங்க இப்போ வெள்ளைத் தங்கத்துலதான் கல்லு கட்டிக்கிறாங்கன்னு ஆசாரி ஒரு மோதிரத்தை எடுத்துக் காட்டுனாரு. அண்ணி வாங்கிப் பாத்துட்டு, "ஐய, வெள்ளையா இருந்தா அது இன்னா தங்கம்? ஈயச் சொம்பைத் தட்டி வெச்சாப்ல இருக்குது"ன்னு சிரிச்சுது. செவப்புக்கல்லு ஏழு பதிச்ச கம்மல்தான் வேணும்னு ஒரே புடி. ஒவ்வொரு கல்லையும் வெயில்ல தூக்கிக் காட்டி, உள்ள புள்ளி கிள்ளி இருக்குதான்னு பாத்துப் பாத்து எடுத்துது.

பொட்டலம் கட்டுறப்போ ஆசாரி சொன்னாரு: "கல்லுக்குப் பின்னால வெள்ளித் தாள் வெச்சு மூடியிருக்குதும்மா. அதுதான் நெறத்தைத் தூக்கிக் காட்டுது. தண்ணி மட்டும் உள்ள போவக்கூடாது. மெத்துன்னு துணியால தொடைச்சா போதும்." அண்ணி தலையாட்டுச்சு. நானும் கேட்டுக்கினுதான் இருந்தேன். அண்ணன் அப்போ வெளியில சைக்கிளைப் புடிச்சுக்கினு நின்னுக்கினு இருந்தான்.

பத்து வருஷம் அண்ணி அந்தக் கம்மலைப் பொத்திப் பொத்தி வெச்சுக்கிச்சு. தலை முழுவுற அன்னைக்குக் கழட்டி வெச்சுடும். வெள்ளிக்கிழமைன்னா பட்டுத் துண்டால தொடைக்கும். "இது என் காதுல இருக்க சொல்லத்தான் நான் போவணும் தில்லை, அப்பால கழட்டிக் குழலிக்குப் போடுங்க"ன்னு என்கிட்ட சொல்லும். நான் வாயை மூடுன்னு அதட்டுவேன்.

எழுபத்தொண்ணுல வயித்துல கட்டின்னு பெரியாஸ்பத்திரில சேத்தோம். நகையெல்லாம் கழட்டுங்கன்னாங்க. அண்ணி கம்மலைக் கழட்டி அண்ணன் கையில குடுத்துட்டு, காது தூந்துடக் கூடாதுன்னு வேப்பங்குச்சியைச் சொருவிக்கிச்சு. ஒரு மாசம் வெச்சிருந்துட்டு வூட்டுக்கு இட்டுக்கினு போங்கன்னுட்டாங்க. அதுக்கு இன்னா அர்த்தம்னு எங்களுக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும். "பங்குனி உத்திரத்துக்கு சாமி தெருவுல வரும். அன்னைக்குக் கம்மலைப் போட்டு என்னை வாசல்ல ஒக்கார வைங்க. வேற ஒண்ணும் வாணாம்"னுச்சு.

உத்திரத்துக்குப் பதினேழு நாள் இருந்துது. பதினேழு நாளும் கேட்டுது. "இன்னாங்க, கம்மல் வந்துச்சா?" அண்ணன், ஆசாரிகிட்ட மெருகுக்குக் குடுத்திருக்கேன்னே சொல்லிக்கினு இருந்தான். நான் ஆசாரிகிட்ட போய்க் கேட்டா, "என்கிட்ட யாரும் தரலியேம்மா"ங்குறாரு. எனக்கு வந்துச்சு பாரு கோவம்! "சீட்டாடித் தொலைச்சியாண்ணா? குடிச்சியா?"ன்னு புடிபுடின்னு புடிச்சேன். அவன் துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கினு வேலைக்குக் கெளம்பிட்டான்.

உத்திரத்தன்னைக்குத் தலையணை முட்டுக் குடுத்து அண்ணியை வாசல்ல ஒக்கார வெச்சோம். மேளச் சத்தம் கிட்ட வந்ததும் அண்ணி முந்தானையை இழுத்து ரெண்டு காதையும் மூடிக்கிச்சு. சாமி போனப்புறம் என்கிட்ட, "வித்துட்டாரு போலக்குது தில்லை, ஊசி மருந்துக்கு. கேட்டா மனசு ஒடஞ்சுடுவாரு. நீ கேக்காத. நானும் இனிமே கேக்க மாட்டேன்"னுச்சு. தர்மாஸ்பத்திரில ஊசிக்கு எவன் துட்டு வாங்குறான்? நான் பல்லைக் கடிச்சுக்கினு இருந்தேன்.

மூணாம் நாள் அண்ணி போய்ச் சேந்துடுச்சு.

குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, கூறைப்புடவை கட்டுனாங்க. காதுக்கு எங்கன்னு பொம்பளைங்க கேட்டாங்க. அப்போ என் வாய் நிக்கல. "கட்டுனவ காதைக் கூட விட்டு வெக்காத பாவி!"ன்னு தெருவே திரும்பிப் பாக்கக் கத்துனேன். வேப்பங்குச்சியோடவே அண்ணியைத் தூக்குனாங்க.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஏனம் பாத்திரம் எடுக்க, அண்ணன் வேலை செய்யுற கொட்டாய்க்குப் போனேன். சோப்பு டப்பாவுக்கு அடியில பட்டு நூல் சுத்துன சின்னப் பொட்டலம். பிரிச்சா, கம்மல்! தங்கம் புதுசாட்டம் மின்னுது. பதினாலு கல்லும் கரியாட்டம் கெடக்குது.

அண்ணன் பின்னாலயே வந்து நின்னான். "அவளுக்கு முடியாமப் போனதுலேருந்து தொடைக்காம எண்ணெ அழுக்கு ஏறிக் கெடந்துது தில்லை. உத்திரத்துக்குப் பளபளன்னு குடுக்கலாம்னு அண்டாவுல போட்டு வேகவெச்சேன். எடுத்தா இப்படி. கல்லு கறுத்தா போட்டவ உசுருக்கு ஆவாதும்பாங்களே, சாவப்போறவகிட்ட இதை எப்படிக் காட்டுவேன்? வெந்து போன கல்லை ஆசாரிதான் இன்னா பண்ணுவாரு?"

கையைப் புடிச்சு இழுத்துக்கினு ஆசாரிகிட்ட போனேன். ஆசாரி ஊசியால ஒரு கல்லை நெம்பி எடுத்து, தொடைச்சு, வெளிச்சத்துல காட்டுனாரு. அண்ணி அன்னைக்குத் தேடி எடுத்த அதே செவப்பு.

"கல்லுக்கு ஒண்ணும் ஆவலப்பா. தண்ணி போயி தாள்தான் கறுத்துக்கிச்சு. வேற தாள் வெச்சுத் தரேன். அரை நாள் வேலை"னாரு.

அண்ணன் பட்டறைப் படியிலயே ஒக்காந்துட்டான். "அரை நாளா?"ன்னான். "பதினேழு நாள் கேட்டாளே தில்லை, காதை மூடிக்கினாளே"ன்னு வாய் விட்டு அழுதான். திட்டலாம்னு வாயைத் தொறந்தேன். தண்ணி படக்கூடாதுன்னு ஆசாரி சொன்னது என் காதுலயுந்தான் விழுந்துது. பத்து வருஷத்துல நானுந்தான் அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

பொழுது சாய ஆசாரி கம்மலைக் குடுத்து, "தண்ணி படாம பாத்துக்கப்பா, துணியால தொடைச்சா போதும்"னாரு. அண்ணன் ரெண்டு கையாலயும் வாங்கிக்கினு, "யாரு காதுல போடட்டும்?"னு என்னைப் பாத்துக் கேட்டான். அண்ணி தன் காதுலேருந்து கழட்டித்தான குழலிக்குப் போடச் சொல்லுச்சு, அந்தப் பேரைச் சொல்ல எனக்கு வாய் வரல.