சீழ் பிடிக்குமாம்

கன்னத்துல புகையிலையை அதக்கிக்கிட்டே வயலைச் சுத்தி வந்த மனுஷன் என் வீட்டுக்காரர். அதே கன்னத்துலதான் புற்று வந்துச்சு. தஞ்சாவூர்ல பெரிய ஆபரேஷன். தாடை எலும்பு ஒரு பக்கத்தை எடுத்துட்டு, நெஞ்சுச் சதையைத் திருப்பிக் கன்னத்துல வச்சு, கழுத்து வரைக்கும் தைச்சாங்க. வாயால எதுவும் சாப்பிட முடியாது, மூக்கு வழியா ஒரு டியூப்புதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என்னை உட்கார வச்சுத் தெளிவாத்தான் சொன்னாங்க. "இவருக்கு ஏற்கனவே சுகர் இருக்கு. அது ஏறுச்சுன்னா தையல் ஒட்டாது, சீழ் வைக்கும். சத்து குறைஞ்சாலும் அதே கதிதான். முட்டை வெள்ளைக்கருவை வேகவச்சு, பால்ல அடிச்சு, வடிகட்டி டியூப்ல குடுங்க. பருப்புத் தண்ணி குடுங்க. வாயைச் சுத்தமா வைங்க. புகையிலை வாடையே ஆகாது. புண்ணு ஆறினாத்தாம்மா கரண்டு வைக்க முடியும். தள்ளிப்போனா நோய் திரும்பிடும்."

கதிர் வைத்தியத்தை எங்க பக்கம் கரண்டு வைக்கிறதுன்னுதான் சொல்லுவோம். புண்ணு ஆறணும், காலாகாலத்துல கரண்டு வைக்கணும். அவர் உயிர் அதுலதான் தொங்குச்சு.

குத்தாலத்துலேருந்து அவரோட அக்கா வந்து இறங்கினாங்க. தாயில்லாப் பிள்ளையை இடுப்புல தூக்கி வளர்த்தவங்க, இல்லேங்கல. எனக்கு அண்ணி முறை. வந்ததும் வராததுமா அடுப்பங்கரையில என் கையிலிருந்த முட்டையைப் பார்த்தாங்க.

"வெட்டுபட்ட உடம்புக்கு முட்டையா? சீழ் பிடிக்கும்டி! மீன் ஆகாது, பருப்பு ஆகாது. நம்ம வயல்ல வெளஞ்ச அரிசி இருக்கு, கஞ்சி வச்சு ஊத்து."

"டாக்டர் சொல்லித்தான் குடுக்குறேன் அண்ணி."

"டாக்டருக்கு இவன் பத்தோட பதினொண்ணு. எனக்கு இவன் ஒருத்தன்தான்."

பார்க்க வந்த சனமெல்லாம் அதுக்குத் தலையாட்டுச்சு. ஹார்லிக்ஸும் ஆப்பிளுமா வந்து, கட்டில்லயே உட்கார்ந்து, கழுத்துத் தையலை உத்து உத்துப் பார்த்து, ஆளுக்கொரு பத்தியம் சொல்லிட்டுப் போச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான் அவரைப் பார்த்தேன். பேச முடியாத மனுஷன், அக்கா பக்கம் கையைக் காட்டினார். அன்னைக்கு வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கல.

அந்த நேரம் பார்த்து வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சு. சம்பா நடவு. அவர் பார்த்த வேலையெல்லாம் என் தலையில. காலையில முட்டையை அடிச்சு டம்ளர்ல ஊத்தி மூடி வச்சு, "இதைத்தான் குடுக்கணும் அண்ணி"ன்னு கெஞ்சிட்டு வயலுக்குப் போவேன். திரும்பி வந்தா டம்ளர் கழுவிக் கவுத்திருக்கும். பரவாயில்லையே, மனசு மாறிட்டாங்கன்னு நினைச்சேன். ஒரு நாள் மழை புடிச்சுக்கிச்சு, ஆளுங்களை அனுப்பிட்டுச் சீக்கிரமா வந்தேன். கொல்லையில அண்ணி டம்ளரைக் கவுத்துக்கிட்டு நிக்கிறாங்க, எங்க நாய் நக்கிக்கிட்டு நிக்குது. அதுக்குக் காதுல ஆறாத புண்ணு ஒண்ணு இருந்துச்சு. அது ஆறியிருந்துச்சு. எங்க வீட்டுல ஆறின புண்ணு அது ஒண்ணுதான்.

நான் வயல்ல இருந்த நேரமெல்லாம் அவருக்குக் கஞ்சிதான் போயிருக்கு. தெம்புக்குன்னு கல்கண்டுப் பொடி வேறயாம், அவங்களே சொன்னாங்க. சக்கரை வியாதிக்காரருக்கு! பாசத்துலதான் கலந்தாங்க, தெரியும். அந்தப் பாசத்துல இடி விழ!

அந்த வாரமே கழுத்து வீங்கி, தையல் விட்டு, பக்கத்துல போக முடியாத நாத்தம். கார் புடிச்சுத் தஞ்சாவூருக்கு ஓடினோம். டாக்டரம்மா சுகரைப் பார்த்துட்டு, "என்னம்மா குடுத்தீங்க?"ன்னாங்க. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள அண்ணி முந்திக்கிட்டாங்க. "நான் சுத்தமான கஞ்சிதாங்க குடுத்தேன். இவ ஆரம்பத்துல ரெண்டு நாள் முட்டை குடுத்தா பாருங்க, அதான் சீழ் பிடிச்சிருச்சு."

டாக்டரம்மா கஞ்சியையும் சக்கரையையும் பத்தி எவ்வளவோ எடுத்துச் சொன்னாங்க. அண்ணி காதுல ஏறினாத்தானே?

வச்ச சதை கறுத்துப்போய், மறுபடி அறுத்து எடுத்தாங்க. கரண்டு வைக்கிறது தள்ளிப்போச்சு, இன்னும் தள்ளிப்போச்சு. புண்ணு ஆறுறதுக்குள்ள கழுத்துல புதுசா ஒரு கட்டி கிளம்பிடுச்சு. மறு வருஷம் ஆத்துல தண்ணி வந்தப்ப அவர் இல்ல.

கருமாதி முடிஞ்சு படையல் போட்டாங்க. அவருக்குப் பிடிச்சதெல்லாம் இலையில வைக்கணுமாம். அண்ணிதான் அழுதுக்கிட்டே பரிமாறினாங்க. மீன் குழம்பு, பருப்பு, ஓரத்துல ஒரு புகையிலைப் பொட்டலம். கடைசியா, அவிச்ச முட்டை ரெண்டை உரிச்சு, அவ்வளவு பதவிசா, உடையாம நடு இலையில வச்சாங்க.

கூடியிருந்த பங்காளிங்க எல்லார் காதுலயும் விழுற மாதிரி சொன்னேன்:

"முட்டையை எடுங்க அண்ணி. உங்க தம்பிக்குச் சீழ் பிடிக்கும்."