இருபத்து மூன்றாம் மாதத் தண்ணீர்

செண்பகவல்லி கோவில்பட்டியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் செய்முறை வகுப்பு எடுப்பவள். வயது முப்பத்தெட்டு. பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிந்து ஆறு வருஷமாகிறது. இனி நீட்டிப்பு கிடையாது, 2003 டிசம்பரோடு கதவைச் சாத்திவிடுவார்கள். வேதியியல் துறையிலிருந்து அவளுக்கு, தண்ணீரில் உப்பு அளக்க, பியூரெட் இரவல் கொடுத்தவள் நான். அதனால் அவள் அலுப்பில் எனக்கும் பங்கு உண்டு.

புதூர்ப் பக்கத்து ஊருணி ஒன்றில் மாதம் ஒரு தடவை தண்ணீர் எடுத்து, அதில் மிதக்கும் நுண்ணிய உயிர்களை எண்ண வேண்டும். இருபத்து நான்கு மாதம், தொடர்ச்சியாக. ஒரு மாதம் அறுந்தாலும் முதலிலிருந்து. கரிசல்காட்டு ஊருணியிடம் போய் இப்படிக் கேட்டது யார் புத்தியோ. முதல் புதன்கிழமைதோறும் வலையும் பாட்டிலுமாக இரண்டு பஸ் மாறிப் போவாள்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. தை முடியுமுன்னே ஊருணி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுக்குழியில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நின்றது. மாசி, பங்குனி, சித்திரை, மூன்று மாதமும் அதில்தான் எடுத்தாள். ஒன்று மட்டும் இடித்தது. வற்றுகிற தண்ணீரில் உப்பு ஏற வேண்டும். இதில் இறங்கிக்கொண்டே வந்தது. மூன்று தடவை சோதித்துவிட்டு, "எனக்குக் கண்ணு போச்சு போல, அக்கா" என்றாள். பாவமாக இருந்தது.

வைகாசியில், இருபத்து மூன்றாவது மாதம், மத்தியானம் கல்லூரியில் சேர்க்கை வேலை. அதனால் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாள். ஊருணிக் கரையில் ஆடு வளர்க்கும் வெயிலம்மாள் குடத்தைக் குழிக்குள் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

"லாரித் தண்ணிதான், டீச்சர். வீட்டுக்கு மூணு குடம் விடுதாங்க. ஒங்க புதன்கிழமைக்கு மட்டும் ரெண்ட இங்கன ஊத்திருதேன். அம்புட்டுத் தூரத்துலேருந்து வருதீய, வெறுங்கையோட போகலாமா? மாசியிலேருந்து ஊத்துதேன்."

செண்பகவல்லி வழக்கம்போல வலையை இறக்கினாள். பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

திருநெல்வேலியில் நெறியாளர் பரமசிவன் சாரிடம் நடந்ததைச் சொன்னாள். "தண்ணி இருந்துது, எடுத்தீங்க. யாரு ஊத்துனாங்கன்னு இதுல எங்கேம்மா வருது? ஜூலையோட முடிஞ்சிரும், பேசாம எழுதுங்க" என்றார் அவர். கெட்டவர் இல்லை, அவருக்கும் அலுத்துவிட்டது. அவள் திரும்பி வந்து, என் மேஜையில் உட்கார்ந்தே பதிவேட்டில் அந்த நான்கு மாதப் பக்கங்களையும் கோடு போட்டு அடித்தாள். ஒவ்வொன்றிலும் 'வறண்டது' என்று எழுதினாள். ஆறு வருஷம் அத்தோடு போயிற்று. எனக்குத்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஜூலை முதல் புதன்கிழமை விடியற்காலையில் ஊருக்குப் போக பஸ் நிலையம் வந்தேன். புதூர் பஸ்ஸில் செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள். கையில் வலை இல்லை, பாட்டில் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு எங்கே போகிறாய் என்று கேட்டேன்.

"வெயிலம்மாகிட்ட நான் இன்னும் சொல்லலக்கா. அவ ஊத்துததுக்கு முன்னால போயிரணும்" என்றாள்.