இடது கதவில் ஓர் ஒடுக்கு

நாள் முழுக்க ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே சேலை பிரித்துக் காட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டிப் படுக்க வேண்டும். நானோ உள்ளங்கை நீளத்துக்குக் கார் செய்துகொண்டிருப்பேன். பிளாஸ்டிக் அட்டையை வெட்டி, ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்து அலமாரியில் வைப்பேன். யாராவது விரல் வைத்தால் கெட்ட கோபம் வரும். வீட்டில் ஒருவரும் அந்தப் பக்கமே போக மாட்டார்கள்.

அண்ணனுக்காக ஒன்று செய்ய உட்கார்ந்தது ஆசையினால் இல்லை, அலுப்பினால்.

அண்ணன் அடுத்த தெருவில் இருக்கிறான். சொந்த வண்டியில் டாக்ஸி ஓட்டியவன். சர்க்கரை கண்ணில் இறங்கி, இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். வண்டியை நாங்குநேரிக்காரர் ஒருவர் வாங்கிப் போனார். கொஞ்ச நாளிலேயே அதை உடைத்து இரும்புக்குப் போட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அண்ணனிடம் சொல்லிவிடாதே என்று மதினி கேட்டுக்கொண்டாள்.

கடைக்குப் போகிற வழியில் தினமும் எட்டிப் பார்ப்பேன். தினமும் ஒரே கேள்வி.

"என் வண்டி இப்ப எங்கன லே ஓடுது?"

கல்யாண ஓட்டம் என்பேன். திருச்செந்தூர் என்பேன். பொய் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. கையில் ஒரு வண்டியைக் கொடுத்துவிட்டால் கேட்பதை நிறுத்துவான் என்று நினைத்தேன்.

அந்தப் பழைய மாடலுக்கு, பாகங்களை வாங்கி ஒட்டுகிற செட் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஃபோனில் படம் பார்த்து அளவெடுத்து, எல்லாவற்றையும் கையாலேயே வெட்டினேன். ஐப்பசி மழையில் பெயிண்ட் அடித்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். கறுப்பு பெயிண்ட் ஈரக்காற்றில் பூத்துப்போய், மேலே பால் தெளித்த மாதிரி ஆகிவிட்டது. முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு, மழை வெறிக்கும் வரை காத்திருந்து, மறுபடி அடித்தேன். மார்கழி பிறந்துவிட்டது. முடித்தபோது அதில் என் முகம் தெரிந்தது. இவ்வளவு சுத்தமாக நான் எதையும் செய்ததில்லை.

கொண்டுபோய் அண்ணன் மடியில் வைத்தேன். பார்வை போனவனுக்குப் பளபளப்பு எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. அவன் விரல் பானெட்டில் தொடங்கி, கூரையில் ஏறி இறங்கி, இடது கதவில் நின்றது. அங்கேயே திரும்பத் திரும்பத் தடவினான்.

"இது எவன் வண்டி லே? கதவு வழவழன்னு இருக்கு."

மதினி சொன்ன பிறகுதான் அந்தக் கதவில் இருந்த ஒடுக்கு எனக்கு ஞாபகம் வந்தது. உவரி கோயில் திருவிழாவுக்கு ஆள் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மணலில் வண்டியைத் திருப்பும்போது, கரையேற்றி வைத்திருந்த படகில் இடித்து விழுந்த ஒடுக்கு அது. டிங்கரிங் கடையில் விடச் சொல்லி எத்தனையோ பேர் சொல்லியும் அவன் கேட்கவில்லை. கூட்டத்தில் தன் வண்டியை அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பானாம். நான் செய்திருந்தது படத்தில் இருந்த வண்டி. அதை யாரும் ஓட்டியிருக்கவில்லை.

வீட்டுக்குத் தூக்கி வந்து, ரெண்டு நாள் எரிச்சலில் அதைத் தொடவே இல்லை. பிறகு ஒரு கரண்டியை அடுப்பில் காட்டி, கதவில் வைத்து அழுத்தினேன். பெயிண்ட் சுருங்கி உரிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்தத் தடவை பெருவிரல் நேராகக் கதவுக்குப் போய், ஒடுக்கில் உட்கார்ந்துகொண்டது.

"வண்டி ஓடிக்கிட்டிருந்தா நீ எதுக்குலே இத செய்யுத? உடைச்சிட்டானுவ, இல்லா?"

ஆமாம் என்றேன். இத்தனை நாளும் நான் சொன்னது பொய் என்று தெரிந்தேதான் கேட்டானா என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

மதினியிடம் சந்தனம் கொண்டுவரச் சொன்னான். வெள்ளிதோறும் முதல் ஓட்டத்துக்குப் புறப்படும் முன் வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது அவன் வழக்கம். பானெட்டைப் பையத் தடவி, நடுவைக் கண்டுபிடித்து, குழைத்த சந்தனத்தை அப்பினான். ஈரம் இறங்கினால் என் பெயிண்ட் தாங்காது. இருந்தும் நான் தடுக்கவில்லை.

ஒவ்வொரு வெள்ளியும் வைக்கிறான். அந்த இடத்தில் கறுப்பு போய், அடியிலிருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தெரிய ஆரம்பித்துவிட்டது. கடைக்குப் போகிற வழியில் இப்போதும் எட்டிப் பார்க்கிறேன். வண்டி எங்கே ஓடுகிறது என்று அவன் கேட்பதில்லை. அந்தக் கேள்வி நின்றால் போதும் என்றுதான் இருந்தேன். நின்ற பிறகு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை.